தேடினால் வராத கௌரி அம்மா: தண்டர்பேர்டு முகவரிப் புத்தகத்தோடு 15 வருடம்

மதுரையில் சிறிய பதிப்பகம் ஒன்று நடத்துகிறோம். வாசகர், எழுத்தாளர், புத்தகக் கடைக்காரர் என்று ஏறக்குறைய 1,400 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. 2009 முதல் எல்லாமே தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில்தான். இடையில் கணினி நான்கு முறை மாறியது, மென்பொருள் மாறவில்லை. இவ்வளவு காலம் பழகியதில் பேச எத்தனையோ இருந்தாலும், போன வருடம் எனக்கு நேர்ந்த ஒரு சிக்கலைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். தமிழில் பெயர்களைச் சேமித்து வைத்திருக்கும் யாருக்கும் இது நேரலாம்.

காரைக்குடியில் இருக்கும் கௌரி அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் புத்தகங்கள் பலவற்றுக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுத்தவர். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, வெளியீட்டு விழா முடிஞ்சிருச்சாமே. எனக்கு ஒரு வரி போடலையே?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. அழைப்பு அனுப்பிய நாளில் அவர் பெயரைத் தேடியது நினைவில் இருந்தது. தேடல் பெட்டியில் 'கௌரி' என்று அடித்தேன், ஒன்றும் வரவில்லை. சரி, முகவரி நம்மிடம் இல்லை போல என்று விட்டுவிட்டேன். அவரோ 2011லிருந்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பவர். அந்த முகவரியைப் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டிருக்க வாய்ப்பே இல்லை.

அன்று மாலை உட்கார்ந்து முதலில் செய்த வேலை வீண். தேடல் கெட்டுப்போனால் 'குளோபல் மெசேஜஸ் டிபி' என்ற கோப்பை அழித்துவிட்டு மென்பொருளைத் திரும்பத் திறக்கச் சொல்வார்கள். அப்படியே செய்தேன். பழைய அஞ்சல்களையெல்லாம் மறுபடி அட்டவணைப்படுத்தி முடிக்க அரை நாள் ஆனது. பலன் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தக் கோப்பு அஞ்சல்களுக்குள் தேடுவதற்கானது. முகவரிகள் 'ஏபுக்' என்று தொடங்கும் வேறொரு கோப்பில் இருக்கின்றன. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து அது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் இருக்கிறது. தொடர்பைத் தேடிக் கிடைக்காதவர்கள் தயவுசெய்து இந்த அரை நாளை இழக்க வேண்டாம்.

அடுத்துப் பார்த்தது, எந்தப் புத்தகத்தில் தேடுகிறோம் என்பதை. தண்டர்பேர்டில் நாமாகச் சேர்க்கும் முகவரிகளுக்கு ஒரு புத்தகம் உண்டு. நாம் அஞ்சல் அனுப்பியதால் தானாகச் சேரும் முகவரிகள் 'கலெக்டட் அட்ரஸஸ்' என்ற இன்னொன்றில் விழும். இடப்பக்கம் எது தேர்வாகி இருக்கிறதோ, அதில் மட்டுமே தேடும். எல்லாப் புத்தகங்களையும் தேர்வு செய்துவிட்டுத் தேடினால், காணோம் என்று நினைத்த பல பெயர்கள் அங்கேயே வந்துவிடும். எனக்கும் மூன்று பேர் அப்படிக் கிடைத்தார்கள். கௌரி அம்மா மட்டும் வரவில்லை.

கடைசியில் தேடலை விட்டுவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டிப் படித்தேன். இருந்தார். ஆனால் 'கௌ' வர வேண்டிய இடத்தில் இல்லை. 'கெ' வரிசையில், கெஜலட்சுமிக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன், உடனே வந்தது. நானே தட்டச்சு செய்தேன், வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே பெயர்.

விஷயம் இதுதான். கணினிகள் பொதுவாகப் பின்பற்றும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. க என்பது 2965. ௌ என்ற குறி முழுவதும் சேர்ந்து ஒரே எண், 3020. நான் அடித்த 'கௌ'வில் இந்த இரண்டு எண்கள் இருந்தன. பட்டியலில் இருந்ததிலோ மூன்று: க, அப்புறம் கொம்பு, அதாவது 3014, அப்புறம் ள என்ற தனி எழுத்து, 2995. ஒன்று கௌரி, மற்றது கெளரி. திரையில் வித்தியாசம் தெரிவதே அபூர்வம். தேடலோ எண்களைத்தான் ஒப்பிடுகிறது. அதன் கணக்கில் இவை வேறு வேறு பெயர்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் தட்டச்சுப் பொறி வரை போகிறது. அந்தப் பொறியில் ஔகாரத்தின் பின்பகுதிக்குத் தனி விசை இல்லை, ள விசையைத்தான் தட்டுவார்கள். அந்தப் பழக்கம் பாமினி போன்ற எழுத்துருக்களுக்கும் வந்தது. பாமினியில் நாம் 'அம்மா' என்று பார்ப்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். தமிழாகத் தெரிவது எழுத்துருவால் மட்டுமே. எங்கள் பழைய வாசகர் பட்டியல் 2003இல் பாமினியில் அடித்தது. பிறகு ஒரு மாற்றியின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். அந்த மாற்றி கொம்பைக் க-வுக்குப் பின்னால் சரியாக நகர்த்தி வைத்தது. ள-வை மட்டும் ள-வாகவே விட்டுவிட்டது. அதனால் கௌரி, சௌந்தரம், கௌதமன், மௌலி என்று எல்லோரும் பட்டியலில் இருந்துகொண்டே தேடலுக்கு எட்டாமல் போனார்கள். எத்தனை வருடம்! எத்தனை அழைப்பிதழ்கள் இவர்களுக்குப் போகாமல் இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

உங்கள் பட்டியலில் சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. பெயரை நகலெடுத்து ஒரு நோட்பேடில் ஒட்டி, அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். சரியான கௌ என்றால் க மட்டும் மிஞ்சும். தவறானது என்றால் கெ மிஞ்சும்.

சரிசெய்யும்போது அவசரப்படக் கூடாது. முகவரிப் புத்தகத்தை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரைப் பட்டியல்), தமிழ் சிதையாத யூடிஎஃப்-8 யூனிகோடு வகையில் வெளியே எடுத்து, கொம்பும் ள-வும் அடுத்தடுத்து வரும் இடங்களை எளிய உரைத் திருத்தியில் தேடினேன். 61 இடங்கள் வந்தன. மொத்தமாக மாற்றியிருந்தால் வெள்ளைச்சாமியும் வெள்ளையம்மாளும் சிதைந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் அந்த ள நியாயமான ள. ஒவ்வொன்றாகப் பார்த்ததில் தவறானவை 23. அந்த 23ஐயும் தண்டர்பேர்டுக்குள்ளேயே கையால் திருத்தினேன். கோப்பைத் திருத்தி மறுபடி உள்ளே ஏற்றினால் ஒரே ஆள் இரண்டு முறை இருக்கும் குழப்பம் வரும். இன்னொன்று, அந்தக் கோப்பை விரிதாளில் திறந்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ஒருமுறை அப்படி இழந்து, காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்டேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தொல்லை ஸ்ரீ. ஸ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது ஒரு வழி. 2005இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்த பிறகு, அதில் தொடங்கி எழுதுவது இன்னொரு வழி. இரண்டும் திரையில் ஒரே ஸ்ரீயாகவே தெரியும். கணினியில் ஒரு விசைப்பலகையும் கைபேசியில் வேறொன்றும் வைத்திருந்தால் ஸ்ரீதர் ஒன்றில் கிடைப்பார், மற்றதில் கிடைக்க மாட்டார். வலைப்பக்கத்திலிருந்து பெயரை ஒட்டும்போது முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் வேறுவகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அப்போது பெயரை மட்டும் அடித்தால் கிடைக்கும், முதலெழுத்தோடு சேர்த்து அடித்தால் கிடைக்காது.

அலுவலக அடைவுச் சேவையகத்தை, அதாவது ஊழியர் முகவரிகளைப் பொதுவாக வைத்திருக்கும் கணினியை, தண்டர்பேர்டோடு இணைத்திருப்பவர்களுக்குப் பெயர் கிடைக்காமல் போக வேறு காரணங்கள். அந்தப் பட்டியல் எதையாவது தேடும் வரை காலியாகத்தான் தெரியும், அது கோளாறு இல்லை. சில சேவையகங்கள் பெயரின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும். நம் வழக்கப்படி முதலெழுத்தை முன்னால் போட்டு வைத்திருந்தால் பெயரை அடித்து ஆளைப் பிடிக்க முடியாது. அஞ்சல் எழுதும்போது மட்டும் பெயர் வரவில்லை என்றால், அந்தத் தொடர்பில் மின்னஞ்சல் முகவரியே இல்லாமல் தொலைபேசி எண் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் உதவிய பழக்கம் ஒன்று உண்டு. செல்லப்பெயர் என்ற கட்டத்தையும் தண்டர்பேர்டு தேடலில் சேர்த்துக்கொள்கிறது. இப்போது ஒவ்வொருவருக்கும் அதில் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே முறைப்படி எழுதி வைக்கிறேன். லட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதும் விதம் ஒன்றே என்பதால் தமிழ் பிசகினாலும் ஆள் கிடைத்துவிடுகிறார்.

மென்பொருளைப் பற்றிச் சொன்னால், இதை விட்டுப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. 2021இல் 91ஆம் பதிப்போடு முகவரிகளைச் சேவையகம் வழியாக ஒத்திசைக்கும் கார்ட்டேவ் வசதி வந்தது, கைபேசியும் கணினியும் ஒரே பட்டியலைப் பார்க்கின்றன. 2022இல் 102ஆம் பதிப்பில் முகவரிப் புத்தகம் புதிதாக எழுதப்பட்டது. பழகச் சில நாள் ஆனாலும் திருத்தும் வேலை அதில் எவ்வளவோ சுலபம். எல்லாவற்றையும்விட, தண்டர்பேர்டு எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் சுயவிவரக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்தால் 15 வருட முகவரிகளும் என் கையில். அந்த நகல் இருந்ததால்தான் பயப்படாமல் 23 பெயர்களில் கை வைத்தேன்.

திருத்தி முடித்த அன்றே கௌரி அம்மாவுக்கு முதல் அஞ்சலை அனுப்பி, நடந்ததை எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. கடைசி வரியில், வகுப்பில் பிள்ளைகள் கெளரி என்று எழுதினால் முப்பது வருடமாகச் சிவப்பு மையில் திருத்தியதாகச் சொல்லியிருந்தார்.