கழற்றி மாட்டும் வட்ட ஊசி: ஒரு கைக்குழந்தைக்காரியின் அனுபவம்

பிரசவ விடுப்பில் இருக்கும் அலுவலகத் தங்கை ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். “11.11 ஆன்லைன் சேலில் விலை இறங்கியிருக்கு, இந்தப் பின்னல் ஊசி செட்டை வாங்கலாமாக்கா?” என் மகன் வயிற்றில் இருந்தபோது நான் வாங்கிய அதே செட்: வளையும் கேபிளின் இரு முனையிலும் திருகி மாட்டும் குட்டி ஊசிகள். இப்போது அவன் சோபாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அளவு, எத்தனை ஜோடி என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

முதலில் நல்லது. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் பின்னுவதற்கு நேரம் ஒதுக்கவெல்லாம் முடியாது. சாரோங் தொட்டிலில் போட்டு ஆட்டி, அவன் கண் சொருகி, மறுபடி சிணுங்குவதற்குள் அரை வரிசை ஓடினால் உண்டு. நேர் ஊசியை அப்படிப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) நுனி வழியாக உருவிக்கொண்டு போய்விடும். வட்ட ஊசியில் இரண்டு முனையையும் இழுத்துவிட்டால் போதும், எல்லாக் கண்ணியும் கேபிளுக்கு வந்துவிடும். போட்டது போட்டபடி ஓடலாம். வால் நீண்ட ஊசி இல்லாததால், மடியில் பிள்ளை தூங்கும்போதும் முழங்கை ஆடாமல் பின்ன வருகிறது. முனைகளைக் கழற்றி மூடி போட்டால் டயப்பர் பைக்குள் சுருட்டி வைத்து பாலிகிளினிக் வரை கொண்டுபோகலாம். (கேபிள் சுருண்டு அடம்பிடித்தால், பால்புட்டி கொதிக்கவைத்த சுடுநீரில் கொஞ்சம் முக்கி எடுங்கள், நேராகிவிடும்.) “பிள்ளை பெத்த உடம்பு, கண்ணைக் கெடுத்துக்காதே” என்று பத்தியக் காலம் முழுக்கச் சொன்ன மாமியாரே இப்போது தனக்கு ஒரு சால்வை கேட்கிறார்.

இனி அந்தத் திருகு.

பின்னும்போது கை நம்மை அறியாமல் கேபிளை முறுக்குகிறது. அந்த முறுக்கில், ஊசியும் கேபிளும் சேரும் திருகு மெல்ல மெல்ல அவிழ்கிறது. முதலில் நகம்கூட நுழையாத இடுக்குதான். அதில் நூல் மாட்டும். இந்தச் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு நான் பின்னுவது பருத்தி நூல். கம்பளி மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது, மாட்டினால் இழை பிரிந்துவிடும். பார்க்காமல் விட்டால் ஊசி மட்டும் கையோடு வந்துவிடும், கண்ணிகள் மடியில் கொட்டும். நேற்று ராத்திரி கழுத்துப் பகுதியில் அதுதான் நடந்தது.

இறுக்குவதற்கு ஒரு குட்டிக் கம்பிச் சாவி தருகிறார்கள். கேபிள் நுனியில் உள்ள துளையில் விட்டுப் பிடித்துக்கொண்டு ஊசியைத் திருகினால் நன்றாகவே இறுகும். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், மேல்தட்டில். திருகு தளர்வது அவன் மடியில் தூங்கும்போது. சாவிக்காக எழுந்தால் அவன் விழித்துக்கொள்வான். யார் யோசித்துச் செய்தார்களோ, நிச்சயமாகப் பிள்ளை வளர்த்தவர்கள் இல்லை!

நியாயமாகச் சொன்னால், நான் கேட்டதும் விற்றவர்கள் வேறு கேபிள் அனுப்பினார்கள். அதுவும் தளர்கிறது. அந்தச் சாவித் துளைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு: மெல்லிய தையல் நூலைக் கோத்துவிட்டால், பின்னப் பின்ன அது தானாக வரிசைக்குள் ஓடிக் காவலாக நிற்கும். ஊசி கழன்றாலும் கண்ணி அந்த நூலுக்குக் கீழே அவிழாது. நேற்று கோத்திருக்கவில்லை.

ஆகவே தங்கச்சி, வாங்காதே. கழற்ற முடியாத வட்ட ஊசி, 4 மில்லிமீட்டர் தடிமன், 80 சென்டிமீட்டர் நீளம், ஒன்று போதும். பீப்பிள்ஸ் பார்க் சென்டர் நூல் கடைகளுக்கு நேரில் போய், கேபிள் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார். தட்டினால் வைத்துவிடு. போர்வையில் ஆரம்பிக்காதே, ஒரு வயதுவரை பிள்ளை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை கூடாது. எம்ஆர்டி ரயில் ஏசிக்குக் கையில்லாத சட்டை பின்னு, சீக்கிரம் முடியும். என் செட்டை மட்டும் இரவல் கேட்காதே. மாமியார் சால்வைக்குக் கண்ணி போட்டாயிற்று.