அகராதிச் செயலி ஒன்று: 'சுயநிர்ணயம்' தேடியதில் தெரிந்த நிறைகுறை

மார்ச்சில் 499 ரூபாய் கட்டி ஒரு வருடச் சந்தா எடுத்த ஆங்கிலம்-தமிழ் அகராதிச் செயலி இது. பெயரை இங்கே போடவில்லை, திருத்துவதாகப் பதில் எழுதியிருக்கிறார்கள், அதற்கு இடம் கொடுக்கலாம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நெட் இல்லாமலே வேலை செய்கிறது. குழித்துறையில் எங்கள் வீட்டுப் பக்கம் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம். எழுத்தைப் பெரிதாக்கலாம், உச்சரிப்பும் தெளிவு. பாடப்புத்தக ஆங்கிலத்துக்குக் குறையே சொல்ல முடியாது.

குறை தெரிந்தது போன மாதம். நவம்பர் 1, குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள் பற்றிப் பள்ளியில் பேச்சுப்போட்டி. பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வைத்துத் தயார் செய்துகொண்டிருந்தாள். அதில் 'செல்ஃப் டிட்டர்மினேஷன்' என்று வந்திருக்கிறது. செயலி கொடுத்த பொருள்: மன உறுதி, சுயக் கட்டுப்பாடு. அவளும் "குமரி மக்களின் மன உறுதியால் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது" என்று எழுதிவிட்டாள். வாசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பென்று யாருக்கும் தோன்றாது, ஆனால் சொல்லவந்த விஷயமே காணாமல் போயிற்று.

'டிட்டர்மினேஷன்' என்பதற்கு விடாப்பிடி என்றும் பொருள் உண்டு, ஒன்றைத் தீர்மானிப்பது என்றும் பொருள் உண்டு. அரசியலில் 'செல்ஃப்' சேர்ந்து வரும்போது இரண்டாவதுதான். தமிழில் சுயநிர்ணயம். நிர்ணயம் நமக்குப் பழகிய சொல்லே. "மக்களே, ரப்பர் ஷீட் வைத்திருப்பவருக்கு மன உறுதி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், விலையை நிர்ணயிப்பது அவரா?" என்று மகளிடம் கேட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள். நம் கதியை நிர்ணயிப்பது யார் என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். 1945இன் ஐ.நா. சாசனத்தில் முதல் பிரிவிலேயே இது வருகிறது. 1966இன் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் எல்லா மக்களுக்கும் இந்த உரிமை உண்டு என்றுதான் தொடங்குகின்றன.

அப்புறம் அவள் கேட்டாள், "நம்ம ஆட்கள் தனி நாடு கேட்கவில்லையே அப்பா, பிறகு எப்படி?" நல்ல கேள்வி. தனி நாடு அதன் ஒரு வடிவம்தான். ஒரு நாட்டுக்குள்ளேயே தங்கள் ஆட்சியைத் தாங்கள் முடிவு செய்வதை உள்ளக சுயநிர்ணயம் என்று ஈழத்தமிழர் எழுதுகிறார்கள். குமரி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியும் அவருடைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியும் கேட்டது இந்தியாவுக்குள் எந்த மாநிலத்தில் இருப்பது என்பதைத்தான். அதற்காகவே 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்தார்கள். 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இங்கே வந்தன. அதே கோரிக்கை வைத்த தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை, கேரளத்திலேயே நின்றுவிட்டன. மன உறுதி அங்கேயும் இருந்தது, நிர்ணயம்தான் கைக்கு வரவில்லை. இந்த வித்தியாசத்தை ஒரு அகராதி விழுங்கிவிடக் கூடாது.

பக்கத்துச் சொற்களையும் தேடிப் பார்த்தேன். தன்னாட்சி, சுயாட்சி, இறையாண்மை மூன்றையும் ஒரே பதிவில் கொட்டிவைத்திருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் அதன் கையில், பட்டம் தருவது பல்கலைக்கழகம்; எல்லைக்கு உட்பட்ட அதிகாரம் அது. மாநில சுயாட்சி, 1974இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டது, மாநிலத்துக்கு அதிகாரம். இறையாண்மை என்றால் மேலே கைவைக்க வேறு யாரும் இல்லை. ஈழத்தில் இதையே இறைமை என்பார்கள். செயலியில் இறைமைக்குத் தெய்வத்தன்மை மட்டும் இருக்கிறது. ஈழத்துப் பத்திரிகை வாசிக்கும் ஒருவர் இதை நம்பினால் என்ன ஆவார்!

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. மலையாளத்தில் உரிமைக்கு 'அவகாசம்' என்பார்கள், தமிழில் அது நேரம். எங்கள் வீட்டுப் பழைய பிரமாணம், அதாவது சொத்துப் பத்திரம், மலையாளத்தில்தான் இருக்கிறது, அதில் அவகாசம் என்று வருவதை மகள் காலக்கெடு என்று நினைத்திருந்தாள். இதைச் செயலியிடம் எதிர்பார்க்க முடியாது, சரி. ஆனால் இரண்டு மொழி புழங்கும் ஊரில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி எடுத்துக்காட்டாவது இல்லாமல் அகராதி போதாது.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. இப்போது 'சுயநிர்ணயம்' முதல் பொருளாக ஏறியிருக்கிறது, எடுத்துக்காட்டு இன்னும் இல்லை. மற்றவை அப்படியே கிடக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பதிப்பே போதும், காசு கட்ட வேண்டாம். போட்டித் தேர்வுக்கு அரசியல் பாடம் படிப்பவர்கள் இதை மட்டும் நம்பாமல் அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுக்கிறேன். சந்தா மார்ச்சில் முடிகிறது, அதற்குள் இறைமையையும் அந்த மூன்று சொற்களையும் பிரித்துத் தந்தால் அடுத்த வருடத்துக்கும் கட்டுவேன்.