ஷெல்செக்: மேற்கோள்குறிக்குள் சிக்கிய டில்டேயைக் காட்டிக்கொடுக்கும் கருவி

லினக்ஸ் போன்ற கணினிகளில் பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோம் டைரக்டரியைச் சுட்ட ~ என்னும் டில்டேயைப் போடும் வழக்கம், 1970களின் ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்தக் குறியும் ஹோம் விசையும் ஒரே பொத்தானில் இருந்ததால் வந்தது. கட்டளை வரியில் அது ஒருபோதும் என்னை ஏமாற்றியதில்லை, கட்டளைகளைக் கோப்பாக எழுதி வைக்கும் ஸ்கிரிப்டில்தான் ஏமாற்றியது.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் இரவுதோறும் ஓடும் என் பேக்கப் ஸ்கிரிப்டில், பெயரில் இடைவெளி வந்தாலும் உடையக்கூடாது என்று பாதை முழுவதையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் "~/பேக்கப்" என எழுதி, அதை டைரக்டரி உருவாக்கும் எம்கேடிஐஆர் -பி கட்டளையிடம் கொடுத்திருந்தேன். மேற்கோளுக்குள் டில்டே விரியாது, அதாவது ஹோம் டைரக்டரியின் பாதையாக மாறாது என்பதால், ஹோம் டைரக்டரிக்குள்ளேயே ~ என்ற பெயரில் இன்னொரு டைரக்டரி முளைத்து, பல வாரக் கோப்புகள் அதற்குள் குவிந்துவிட்டன. அதை அழிக்கும்போது வெறும் ~ என்று எழுதியிருந்தால் ஹோம் டைரக்டரியே போயிருக்கும்; ./~ என்று எழுதியதால் தப்பித்தேன்.

விடார் ஹோலன் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய ஷெல்செக், ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பிழைகளைச் சொல்லும் கட்டற்ற மென்பொருள். அதே ஸ்கிரிப்டைக் கொடுத்தவுடன், எஸ்சி2088 என்ற எண்ணோடு, மேற்கோளுக்குள் டில்டே விரியாது, அந்தப் பாதையை வைத்திருக்கும் ஹோம் மாறியைப் ($HOME) பயன்படுத்துங்கள் என்று அந்த வரியின் கீழேயே சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு எண்ணுக்கும் தவறான வரி, திருத்திய வரி, காரணம் ஆகிய மூன்றையும் தரும் விளக்கப் பக்கம் இருப்பதுதான், என் கணக்கில், இதன் பெரிய பலம்.

ஆனால் எல்லாவற்றையும் இது பிடித்துவிடாது. உள்ளமைவுக் கோப்பிலிருந்து படித்து மாறியில் வைத்த பாதையில் டில்டே இருந்தால், ஸ்கிரிப்டை மட்டுமே பார்க்கும் ஷெல்செக்குக்கு அது தெரிய வழியில்லை. கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் முதலில் டில்டேயை விரித்து, அதன் பிறகே மாறிகளை விரிப்பதால், மாறிக்குள்ளிருந்து வெளிவரும் டில்டே மேற்கோள் இல்லாவிட்டாலும் அப்படியே நின்றுவிடும். இதற்கு, கொடுத்த எழுத்தைக் கட்டளையாகவே ஓட்டும் இவால் கட்டளையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அந்தக் கோப்பில் யாராவது ஒரு கட்டளையை எழுதி வைத்தால் அதுவும் ஓடிவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. பாதை ~/ என்று தொடங்குகிறதா என்று கேஸ் கூற்றில் பார்த்து, டில்டேயின் இடத்தில் ஹோம் மாறியின் மதிப்பை வைத்துவிடுகிறேன்.

இசட்எஸ்ஹெச் என்ற ஷெல்லின் ஸ்கிரிப்டுகளை இது ஆதரிப்பதில்லை. பாஷ், டாஷ், கேஎஸ்ஹெச் ஆகிய ஷெல்களுக்கு எழுதுவோர் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம்.