மகள் எழுதிய பக்கத்துக்கு மார்க்கா, ஃபைலா?

எங்கள் மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கு அனுப்பவில்லை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே படிக்கிறாள். கணக்கு என்றால் விடை சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும். அவள் தமிழில் எழுதும் ஒரு பக்கத்தை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் இரண்டு வருஷம் தடுமாறினேன். மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன்.

20க்கு மார்க் போடுவது சுலபம், மாமியாருக்கும் புரியும். ரூப்ரிக் என்கிற மதிப்பீட்டு அட்டவணையில் கருத்து, வரிசை, சொல், வாக்கிய ஓட்டம், பிழை என்று தனித்தனியாக 1 முதல் 5 வரை போடலாம். குறை எங்கே என்று காட்டும். ஆனால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அதோடு, எண்ணக்கூடியது பிழை ஒன்றுதான் என்பதால் ல, ள, ழ பக்கமே என் கண் போய்க்கொண்டிருந்தது.

இரண்டையும் விடவைத்தது ஒரு சம்பவம். தேவனாம்பட்டினம் கடற்கரை பற்றி அவள் எழுதியதற்கு ஜனவரியில் 15 போட்டிருந்தேன். ஏப்ரலில் அதையே புது நோட்டில் அழகாகப் பார்த்து எழுதித் தந்திருக்கிறாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை, 11 போட்டேன். "அம்மா, இது அதேதாம்மா" என்றாள். அன்று நான் களைத்திருந்தேன், அவ்வளவுதான். என் கையே நிலையாக இல்லாதபோது அந்த எண்ணை நம்பி அவள் வளர்ந்தாளா தேய்ந்தாளா என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது ஃபைல்தான். மாதம் ஒரு பக்கம், மேலே தேதி, திருத்தாமல் அப்படியே உள்ளே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல், ஏன் என்று ஒரு வரி எழுதிவைக்கிறேன். ஒன்றைத் தனியே அளப்பதைவிட இரண்டில் எது மேல் என்று சொல்வது மனிதருக்கு எளிது. இப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டே அளவுகோல் அமைக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் தர்ஸ்டன் 1927இலேயே எழுதியிருக்கிறார்.

ஜூனில் அவள் எழுதியது: "மழை பெய்தது. தண்ணீர் வந்தது. பயமாக இருந்தது." டிசம்பரில்: "அப்பா வண்டியைத் தின்னை மேல் ஏற்றியபோதுதான் எனக்குப் பயம் வந்தது." திண்ணையில் எழுத்துப் பிழை இருக்கிறது. ரூப்ரிக்கில் அதற்கு ஒரு புள்ளி போயிருக்கும், ஜூன் பக்கத்துக்குப் போயிருக்காது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மேல் என்பதில் யாருக்குமே சந்தேகம் வராது. பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போது சொல்லத் தெரிகிறது.

பிழையை விட்டுவிடவில்லை. ஒரு நகல் எடுத்து, பிழை உள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி மட்டும் வைக்கிறேன், அவளே தேடுகிறாள். 'அந்த பையன்' இப்போதெல்லாம் தானாகவே 'அந்தப் பையன்' ஆகிவிடுகிறது.

நான் பார்த்தது ஒரு பிள்ளையை மட்டும், அதுவும் தமிழில் மட்டும். ஆங்கிலத்துக்கு இன்னும் ரூப்ரிக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 14 வயதில் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்தால் மார்க்குக்கும் நேரத்துக்கும் அவளைப் பழக்க வேண்டும். அதற்கு இந்த ஃபைல் போதாது என்றே நினைக்கிறேன்.

இந்த மாதம் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். சரி என்றேன்.