பழ அடுக்கு இனிப்பை எதைக் கொண்டு உறையவைப்பது? கஸ்டர்ட், ஜெலட்டின், அகர் அகர்: ஓர் ஒப்பீடு

ஓவனில் சுடாமல், பழக்கூழையும் பாலையும் அடுக்கடுக்காக வார்த்து உறையவைக்கும் இனிப்பைச் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பழம், எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் என்பதிலேயே கவனத்தைச் செலுத்துகிறார்கள். அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது அதை எதைக் கொண்டு உறையவைப்பது என்பதைத்தான். சமையலறையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தப் பழத்தைச் சேர்க்கலாம், வெட்டியெடுத்த துண்டு தட்டில் நிற்குமா குழையுமா என்பவை எல்லாம் அந்த ஒரு தேர்வைப் பொறுத்தே அமைகின்றன. வீட்டில் எளிதாகக் கையாளக்கூடியவை மூன்று: சோளமாவு சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்ட், ஜெலட்டின், கடற்பாசி என்றும் சொல்லப்படும் அகர் அகர். மூன்றையும் கையாண்ட பிறகு நான் அகர் அகரையே தேர்ந்துகொண்டேன். ஆகையால் இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மற்ற இரண்டும் எங்கே மேலானவை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கஸ்டர்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கோப்பையில் பிஸ்கட் தூள், கஸ்டர்ட், பழத்துண்டுகள் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. மாவு கலந்த பால் குமிழிட்டுக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கிளற வேண்டும் என்பது மட்டுமே அதில் கவனிக்க வேண்டியது. அரைகுறையாக வெந்த மாவின் பச்சை வாசனை குளிர்ந்த பிறகும் போகாது. வழக்கமான அளவில் கஸ்டர்ட் கெட்டிப்படுமே தவிர, வெட்டும்படி உறையாது. மாவைக் கூட்டினால் உறையும், ஆனால் பழத்தின் சுவையை மாவின் சுவை மூடிவிடும். மேலும், குளிர்ந்த மாவுச்சத்து தான் பிடித்துவைத்திருந்த நீரைச் சிறிது சிறிதாக வெளியே விடும் இயல்புடையது. சர்க்கரை பட்ட பழமும் சாறு விடும். இரண்டும் சேர்ந்து மறுநாள் பிஸ்கட் அடுக்கைக் கூழாக்கிவிடுகின்றன. செய்த அன்றே கோப்பையில் பரிமாறுவதாக இருந்தால் கஸ்டர்டே போதும். வேறு எதையும் தேட வேண்டாம்.

வெட்டியெடுத்துப் பரிமாற வேண்டும் என்றால் போட்டி ஜெலட்டினுக்கும் அகர் அகருக்கும்தான். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜனிலிருந்து எடுக்கப்படும் புரதம் என்பதால், சைவ உணவு உண்பவர்களுக்குத் தேர்வு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது வலுவான போட்டியாளர். உறைந்த ஜெலட்டின் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும்; உடலின் சூடு அதைவிடக் கூடுதல் என்பதால் வாயில் வைத்ததும் உருகி, பழத்தின் மணத்தை உடனே விடுகிறது. அகர் அகர் அப்படி உருகாது. பல்லுக்கு இடையில் நொறுங்கும். நாவின் சுகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஜெலட்டினே வெல்லும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அடித்து நுரைக்கவைத்த கிரீமைச் சேர்த்து மூஸ் போன்ற அடுக்கு வேண்டுமென்றாலும் ஜெலட்டின்தான் உகந்தது. ஏனெனில் அது அறையின் சூட்டுக்கு ஆறிய பிறகும் திரவமாகவே இருக்கும், நுரையைக் கலைக்காமல் கலக்கலாம். அகர் அகர் கரைசலையோ சூடாக இருக்கும்போதே சேர்த்தாக வேண்டும். அந்தச் சூட்டில் கிரீமின் நுரை அடங்கிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் அகர் அகரைத் தேர்ந்ததற்குக் காரணம், இது அடுக்கு இனிப்பு என்பதே. ஒரே நிறத்தில் ஒரே அச்சில் வார்க்கும் ஜெல்லியாக இருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

ஜெலட்டினைப் பொறுத்தவரை உறையும் வெப்பநிலையும் உருகும் வெப்பநிலையும் அருகருகே இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் உறையும். அதன்மேல் சற்றே சூடான அடுத்த கலவையை ஊற்றினால் கீழ் அடுக்கு கரைந்து நிறங்கள் கலக்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் பெட்டிக்குள் வைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்து, அடுத்த கலவையைக் கைச்சூட்டுக்கும் கீழே ஆறவைத்து ஊற்ற வேண்டியிருக்கிறது. நான்கு அடுக்கு என்றால் அரை நாள் போய்விடும். கடைசி அடுக்கு முழுமையாக இறுக மேலும் நான்கு மணி நேரமாவது வேண்டும். சமையலறையே 30 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில், பரிமாறும் மேசையில் அந்த உழைப்பெல்லாம் சிறிது நேரத்திலேயே சாயத் தொடங்கும்.

அகர் அகரின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிக்குள் உறைகிறது. ஆனால் உறைந்த பிறகு மீண்டும் உருக 85 டிகிரி வரை சூடேற வேண்டும். அடுக்கு இனிப்புக்குத் தேவையான எல்லாமே இந்த இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது. அறையின் சூட்டிலேயே உறைவதால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூட வேண்டியதில்லை; ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள அடுக்கு பத்துப் பதினைந்து நிமிடங்களில் அடுத்ததைத் தாங்கும் நிலைக்கு வந்துவிடும். அதன்மேல் 60 டிகிரியில் உள்ள கலவையை ஊற்றினாலும் கீழ் அடுக்கு கரையாது, கோடு கலங்காது. நான்கு அடுக்குகளையும் ஒரே மூச்சில் வார்த்து முடித்துவிட்டுக் குளிரவைக்க மட்டும் பெட்டிக்குள் வைக்கலாம்.

அதே இடைவெளியே அதன் பெரிய குறைக்கும் காரணம். கீழ் அடுக்கு சிறிதும் கரையாததால், மேல் அடுக்கு அதனோடு தானாக ஒட்டுவதில்லை. வெட்டும்போது அடுக்குகள் தனித்தனியாக வழுக்கி விழுவதாகச் சொல்லி அகர் அகரைக் கைவிட்டவர்கள் பலர். இது நேரம் பார்த்து ஊற்றுவதால் தீரக்கூடிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கீழ் அடுக்கின் மேற்பரப்பை விரல் நுனியால் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தால் வழியக்கூடாது. அந்த நிலையில்தான் அடுத்ததை ஊற்ற வேண்டும், அதுவும் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக வழியும்படி. அந்த நிலை தாண்டி முழுவதும் இறுகிவிட்டால், மேற்பரப்பில் கசிந்திருக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, முள்கரண்டியால் மெல்லிய கீறல்கள் போட்டு, அடுத்த கலவையை வழக்கத்தைவிடச் சூடாக, 70 டிகிரி அளவில் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். காத்திருக்கும் கலவை பாத்திரத்திலேயே உறைந்துவிடாமல் இருக்க, அதை வெந்நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்துக்குள் வைத்திருப்பது அவசியம். எல்லா அடுக்குகளிலும் அகர் அகரின் அளவு ஒன்றாக இருக்கட்டும். ஒன்று இறுகலாகவும் அடுத்தது தளர்வாகவும் இருந்தால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் கத்தி படும்போது பிளக்கும்.

அளவைப் பொறுத்தவரை, தூளாக இருந்தால் ஒரு லிட்டர் கலவைக்கு 6 முதல் 8 கிராம் வரை போதும். 10 கிராமுக்குப் போனால் நன்றாகக் கெட்டிப்படும், ஆனால் ரப்பர் போன்ற கடினம் வந்துவிடும். நார் வடிவில் கிடைப்பதை நான் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தூளிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வலிமை மாறுவதால், கொதித்த கலவையில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, உறைந்ததும் அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது. தண்ணீரில் அகர் அகர் முழுவதும் கரைந்து இரண்டு நிமிடமாவது கொதித்த பிறகே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புச் சாறுகளை அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அதன் உறையும் வலிமை குறைந்துவிடும்.

பழக்கூழைச் சேர்க்கும்போது கணக்கு முக்கியம். கூழையும் சேர்த்து வரும் மொத்த அளவுக்கே அகர் அகரை அளக்க வேண்டும். 250 மில்லி தண்ணீரும் 250 மில்லி மாம்பழக் கூழும் என்றால், அரை லிட்டருக்கு உரிய 4 கிராமை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைக்க வேண்டும். கொதிக்கும் அந்தக் கரைசலில் 30 டிகிரியில் உள்ள கூழைச் சேர்த்தால் கலவை ஏறத்தாழ 65 டிகிரியில் நிற்கும். நிதானமாக ஊற்ற நேரம் கிடைக்கும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த, 5 டிகிரியில் உள்ள கூழைச் சேர்த்தால் அது 50 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். ஓரங்களில் முடிச்சு முடிச்சாக உறையத் தொடங்கும். பாலுக்கும் இதே விதி. தேங்காய்ப்பால் சேர்த்த அடுக்கை மிகச் சூடாக ஊற்றினால் கொழுப்பு மேலே மிதந்து அதுவே இரண்டு அடுக்காகப் பிரியும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே நிறம் வேண்டுமென்றால் சற்றுக் கெட்டிப்படும்வரை கிளறிய பிறகே ஊற்ற வேண்டும்.

பழங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அகர் அகரின் இரண்டாவது பலம். பச்சை அன்னாசியில் புரோமெலின், கிவியில் ஆக்டினிடின், பப்பாளியில் பப்பைன், அத்திப்பழத்தில் ஃபிசின் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டின் புரதம் என்பதால் இந்தப் பழங்களைச் சமைக்காமல் சேர்த்தால் அது இரவு முழுதும் பெட்டியில் இருந்தாலும் உறையாது. அகர் அகர் செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் மாவுப்பொருள் வகை. இந்த நொதிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. 1880களின் தொடக்கத்தில் நுண்ணுயிரிகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் 37 டிகிரியில் உருகுவதும், சில நுண்ணுயிரிகள் அதைக் கரைத்துவிடுவதும் பெரும் தடையாக இருந்தன. அங்கே பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, தம் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகர் அகரைப் பரிந்துரைத்தார். இன்றுவரை ஆய்வுக்கூடங்கள் அதையே பயன்படுத்துகின்றன. வெப்பத்தையும் நொதியையும் தாங்கும் அந்த இரண்டு குணங்களுக்காகவே நானும் அதைச் சார்ந்திருக்கிறேன்.

இருந்தாலும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அகர் அகரை அந்த நொதிகள் தொடாவிட்டாலும் பாலில் உள்ள புரதத்தைத் தொடும். பச்சைக் கிவியோ அன்னாசியோ பால் அடுக்கை ஒட்டிச் சில மணி நேரம் இருந்தால் அந்த இடம் கசக்கும். அந்தப் பழங்களைச் சர்க்கரையோடு சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேற்றப்பட்டது. அதை ஜெலட்டினோடுகூடச் சேர்க்கலாம்.

நீர் கசியாமல் இருப்பதில் ஜெலட்டின் மேல். அகர் அகர் அடுக்கு இரண்டாம் நாளில் அடியில் சிறிது நீர் விடும். சர்க்கரை மிகக் குறைவாக இருந்தால் கூடுதலாக விடும். வெட்டிய பழத்துண்டுகளின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு வைப்பதும், மூடிவைத்து இரண்டு நாட்களுக்குள் முடித்துவிடுவதும் அதைக் கட்டுக்குள் வைக்கும். உறைபெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. ஜப்பானில் 1658-இல், குளிர் இரவில் வெளியே எறியப்பட்ட கடற்பாசிக் கூழ் உறைந்து, பகலில் நீரெல்லாம் வடிந்து, உலர்ந்த சக்கையாக நின்றதைக் கண்டுதான் அகர் அகரைக் காயவைத்துச் சேமிக்கும் முறை பிறந்தது என்று மரபாகச் சொல்வார்கள். உங்கள் இனிப்புக்கும் உறைபெட்டியில் அதே கதிதான் நேரும்.

கொறுகொறுப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் 6 கிராம் அளவிலேயே நின்று, தெளிந்த சாறு அடுக்குகளைக் குறைத்து, பாலும் கூழும் சேர்ந்த அடுக்குகளைக் கூட்டலாம். ஜெலட்டினின் உருகலுக்கு அது ஈடாகாது என்றாலும் கரண்டி மென்மையாக இறங்கும். அடியில் பிஸ்கட் அடுக்கு வேண்டுமென்றால், பிஸ்கட் தூளில் பாதி எடைக்கு உருக்கிய வெண்ணெயைக் கலந்து அழுத்தி, நன்றாகக் குளிரவைத்துவிட்டு முதல் கலவையை முடிந்தவரை ஆறிய நிலையில், 45 டிகிரி அளவில் ஊற்ற வேண்டும். இதைவிடச் சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகித் தூள் மேலே மிதக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும், குளிர்ந்தே ஊற்ற முடிகிற ஜெலட்டினின் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது.