அறநெறிப் பாடசாலை ஒழுக்க விதிகள்: எழுதிக் கொடுப்பதா, சொல்லிப் பழக்குவதா?

திருகோணமலையில் ஞாயிறு காலை கோயில்களில் சமயமும் ஒழுக்கமும் கற்பிக்கும் அறநெறிப் பாடசாலைக்கு வரும் சிறு பிள்ளைகளுக்கான ஒழுக்க விதிகளை அச்சிட்டுப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்குவதா, ஆசிரியர் வாய்மொழியாகவே பழக்குவதா என்று பொறுப்பாசிரியர்கள் தயங்குகின்றனர்.

செலவு: அச்சிட்ட விதிக்குத் தாள் போதும், பழக்குவதற்கு நேரம் வேண்டும், தொண்டாசிரியர்களிடம் அது குறைவு.

எளிமை: வரவு, சீருடை, பாதணி கழற்றும் இடம் ஆகியவற்றுக்கு எழுத்தே எளிது.

நிலைப்பு: வேறுபாடு இங்கேதான் பெரிது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் நிற்கும் மான்களுக்குப் பொலித்தீன் பையோடு தீனி போடக்கூடாது என்பதை ஏழு வயதுப் பிள்ளை தாளில் வாசித்து உணர்வதில்லை. அதை விழுங்கும் மானுக்கு என்ன நேரும் என்று ஆசிரியர் அவ்விடத்திலேயே விளக்கினால், அடுத்த முறை அந்தப் பிள்ளையே தன் தங்கையைத் தடுக்கும். சம்பந்தர் தேவாரம் பாடும்போது அமைதி காப்பதும் அப்படியே. ஆசிரியர் முதலில் கைகூப்பி நிற்க வேண்டும்.

மீறினால்: எழுத்தில் நடவடிக்கை தெளிவாக இருக்கும், வாய்மொழியில் ஆளுக்கு ஆள் மாறும், கோபமும் கலக்கும். பாடசாலைகளில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுத்திருக்கையில், கோயில் மண்டபத்தில் பிரம்பு இருப்பதை என்னால் ஏற்க முடியாது.

பிள்ளைகள் அதிகமாக வந்து, ஆசிரியர்கள் அடிக்கடி மாறும் இடத்துக்கு எழுத்து விதி பொருந்தும். இருபது பிள்ளைகளை ஒரே ஆசிரியர் ஆண்டு முழுதும் பார்க்கும் சிறிய ஆலயத்துக்கு, தண்டனை பற்றிய ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஏனையவற்றைப் பழக்குவதே நல்லது.