ஓகஸ்டில் காம்பிங் போகிறவர்களே, 1,480 யூரோ பறிபோன கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

1,480 யூரோ. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஊர் திரும்பியதிலிருந்து இதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஓடவில்லை. காரில் இருந்து சாமான்கள் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆத்திரம் அடங்கியபின் எழுது என்றார் கணவர். அடங்கியபின் எழுதினால் பாதியை விட்டுவிடுவேன். பிரான்சின் கிராமப்புறங்களுக்குக் குடும்பத்தோடு காம்பிங் (கூடாரத்திலோ சிறு வீட்டிலோ தங்கும் விடுமுறை முகாம்) போக நினைக்கும் நம் ஆட்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். நல்ல இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு ஓகஸ்டை விட்டால் வேறு மாதம் இல்லை. கணவர் பாரிஸில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். ஓகஸ்டில் உணவகத்தைப் பூட்டும்போதுதான் அவருக்கு விடுமுறை. நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே நிலைதான். பள்ளிக்கூடங்களும் அப்போதுதான் மூடியிருக்கும். நாடே அந்த வாரங்களில் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. போதாததற்கு நெதர்லாந்துக்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் வந்து சேர்கிறார்கள். காம்பிங்கில் சமையலறை, படுக்கையறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் சிறு வீட்டை மொபைல் ஹோம் என்பார்கள். உச்சப் பருவத்தில் அதைப் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். குளிர்காலத்திலேயே பதிவு செய்பவர்கள் நல்லவற்றை எடுத்துவிடுவார்கள். கணவருக்கு விடுமுறைத் தேதி உறுதியானது மே மாதத்தில். அதற்குள் பிரான்சின் தென்மேற்கிலுள்ள தொர்தோன் பகுதியில் நான் அழைத்த காம்பிங் எல்லாம் நிரம்பிவிட்டன.

தொர்தோனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மகன். ஆதிமனிதர் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களைப் பற்றிப் பள்ளியில் படித்ததிலிருந்து அங்கே போக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். உண்மைக் குகையை 1963இலேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். அருகே மொந்தினாக் ஊரில் 2016இல் திறந்த முழு நகலைப் பார்க்கலாம். பக்கத்தில் பழைய நகரமான சார்லா, ஆற்றோரமாகப் பாறைக்கடியில் ஒட்டி நிற்கும் லா ரோக் காஜாக், படகு விட ஆறு. பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் அந்த இணையதளம் கண்ணில் பட்டது. காம்பிங் நடத்துபவர்களின் தளம் இல்லை; பல காம்பிங்குகளின் இடங்களை வாங்கி விற்கும் இடைத்தரகர் தளம். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான்கு நட்சத்திரம், நீச்சல்குளம், ஆறு பேர் தங்கும் மொபைல் ஹோம், வாதுமை மரங்களுக்கு நடுவே மரத்தளம் போட்ட முற்றம். படம் படமாகப் போட்டிருந்தார்கள். "இந்தத் தேதிக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்" என்று சிவப்பு எழுத்து மின்னியது. விலை 1,480 யூரோ.

நான் உடனே பணம் கட்டவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். எங்களோடு மாமியும் வருகிறார். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தவர், தரையில் படுத்தால் எழும்ப முடியாது, இரவில் கழிவறைக்குத் தூரம் நடக்கவும் முடியாது. இதையெல்லாம் தொலைபேசியை எடுத்த பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மாமிக்கு என்ன வயது, கைத்தடி வைத்திருக்கிறாரா என்று அவளே விசாரித்தாள். "கவலைப்படாதீர்கள் மதாம். இரண்டு படுக்கையறை, வரவேற்பறையில் விரிக்கும் சோபா. உங்கள் மாமியாருக்குக் கழிவறைக்குப் பக்கத்து அறை கிடைக்கும். படிக்கட்டு குறைந்த வீடாகக் கொடுக்கும்படி காம்பிங்குக்கு நானே குறிப்பு எழுதிவிடுகிறேன்" என்றாள். தன் பாட்டிக்கும் இதே முழங்கால் வலிதான் என்றாள். யாரால் நம்பாமல் இருக்க முடியும்? என் மாமியின் காலைப் பற்றி அவ்வளவு கரிசனமாக ஒருத்தி கேட்கும்போது, அவள் விற்பது வெறும் காற்று என்று யாருக்குத் தோன்றும்? அழைப்பைத் துண்டிக்காமலே வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தேன். முழுத் தொகையும் அந்த நிமிடமே போனது. வந்த உறுதிக் கடிதத்தில் அதே மொபைல் ஹோம் படம், ஆறு பேர், எங்கள் தேதி, 1,480 யூரோ.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். போக்குவரத்து நெரிசலை முன்கூட்டிச் சொல்லும் பிசோன் ஃபுதே அன்றைக்குச் சிவப்பு என்று அறிவித்திருந்தது. ஓர்லெயான் தாண்டும் முன்பே கார்கள் ஊர்ந்தன. லிமோஜ், பிறகு பிறீவ், பிறகு கிராமத்துச் சாலைகள். காம்பிங் வாசலுக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. வாசல் பலகையில் இருந்தது இரண்டு நட்சத்திரம். அதைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது.

வரவேற்பறைப் பெண் கணினியைப் பார்த்தாள். எங்கள் பெயர் இருந்தது. ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து ஓர் இடத்தை வட்டமிட்டாள். சாவி கேட்டேன். "எதற்குச் சாவி?" என்றாள். எங்கள் பெயரில் பதிவாகியிருந்தது கூடாரம் அடிக்கும் வெற்று இடம். ஆறு பேர், ஒரு கார், மின் இணைப்பு, அவ்வளவுதான். மாமியின் காலைப் பற்றிய குறிப்பு எதுவும் அவர்களுக்கு வரவே இல்லை. உறுதிக் கடிதத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். அந்தப் படத்தில் இருக்கும் வீடு தங்களிடம் இல்லவே இல்லை என்றாள். இருக்கும் சில மொபைல் ஹோம்களும் நிரம்பிவிட்டனவாம். இடைத்தரகரிடமிருந்து எங்கள் வாரத்துக்கு அவர்களுக்கு வந்த பணம் 260 யூரோ என்று திரையைத் திருப்பியே காட்டினாள். நாங்கள் கட்டியது 1,480. மிச்சம் 1,220 யூரோவை என்ன பெயரில் எடுத்துக்கொண்டார்கள்?

புல்தரை, ஒரு மின்கம்பப் பெட்டி, எண் எழுதிய முளைக்குச்சி. அதுதான் எங்கள் 1,480 யூரோ. மாமி காரிலிருந்து இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கே பிள்ளை வீடு?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது?

அன்றிரவு சுற்றுவட்டாரத்தில் அறை தேடினோம். எங்கே அழைத்தாலும் இடமில்லை. சனிக்கிழமை இரவு, ஓகஸ்ட், தொர்தோன்; வேறு எப்படி இருக்கும்? பக்கத்து இடத்தில் கூடாரம் போட்டிருந்த வயதான நெதர்லாந்துத் தம்பதியர் நிலைமையைப் பார்த்துத் தங்கள் சிறு கூடாரத்தையும் காற்றடைத்த மெத்தையையும் தந்தார்கள். பிள்ளைகள் அதில் படுத்தார்கள். மாமியைக் காரின் முன் இருக்கையைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். நள்ளிரவில் அவரைக் கைத்தாங்கலாகப் பொதுக் கழிவறைக்கு இருட்டில் நடத்திக்கொண்டு போனபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. முழங்கால் வீங்கிவிட்டது. அடுத்த நாள் பிறீவில் ஒரு விடுதி அறை கிடைத்தது. அதற்கு வேறு தனிப் பணம்.

இனி அந்தத் தளம் எங்களை அலைக்கழித்த விதத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை அழைத்தால், வார இறுதியில் வாடிக்கையாளர் சேவை இல்லை என்று பதிவு செய்த குரல். பணம் வாங்கும் எண் மட்டும் வேலை செய்தது. அதில் எடுத்தவர் "இது விற்பனைப் பிரிவு" என்று சொல்லித் துண்டித்தார். திங்கள் காலை லாஸ்கோவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அந்த நேரம் முழுவதும் நான் தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டிருந்தேன், டிக்கெட் வீணானது, மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒருவர் எடுத்து, "காம்பிங்கிடம் கேளுங்கள்" என்றார். காம்பிங் முதலாளி, "நீங்கள் எங்களிடம் வாங்கவில்லையே மதாம், விற்றவரிடம் கேளுங்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திரும்ப அழைத்தேன். இந்தமுறை வேறொருவர். என்னோடு மே மாதத்தில் கதைத்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றார். தொலைபேசியில் சொன்னவற்றுக்கு ஒப்பந்த மதிப்பு இல்லை, படங்கள் "எடுத்துக்காட்டுக்காக மட்டும்" என்று விதிமுறைகளில் இருக்கிறது என்றார். நட்சத்திரங்கள்? அவை பயணிகளின் திருப்தியைக் காட்டும் தங்கள் சொந்த மதிப்பீடாம்! அரசின் தரவரிசைக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லையாம்.

பிறகு மின்னஞ்சல்கள். "உங்கள் கோப்பு ஆய்வில் உள்ளது." அடுத்த நாளும் அதே வரி. அதன்பின் ஒரு சலுகை: நல்லெண்ண அடிப்படையில் 50 யூரோ பற்றுச்சீட்டு, அடுத்த பதிவின்போது கழித்துக்கொள்ளலாம். 1,480 யூரோவைப் பறிகொடுத்த நான் மறுபடியும் அவர்களிடமே போக வேண்டுமாம். வங்கியிலும் கேட்டேன். அட்டைக் கட்டணத்தை எதிர்த்துக் கோரிக்கை கொடுத்திருக்கிறேன். சேவை "வழங்கப்பட்டதாக" அவர்கள் காட்டினால் கடினம் என்று அங்கேயும் இழுக்கிறார்கள். இன்று காலை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். அலுவலகம் பிரான்சிலேயே இல்லை, வேறோர் ஐரோப்பிய நாட்டு முகவரி. அதையும் விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில்தான் கண்டுபிடித்தேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். மாமியை மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது, அதனால் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

காம்பிங்கின் பெயரைக் கண்டுபிடித்து அங்கேயே நேரடியாக அழையுங்கள். எங்கள் வாரத்துக்கு உண்மையில் என்ன பதிவாகியிருக்கிறது, வீடா வெற்று இடமா என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். பெயரைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வோம் என்கிற தளத்தை மூடிவிடுங்கள்.

நட்சத்திரத்தை அத்து பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் இணையப் பட்டியலில் பாருங்கள். அரசு முறைப்படி ஒன்று முதல் ஐந்து வரை தருவது அதுதான், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். வேறு எந்த நட்சத்திரமும் வெறும் படம்.

தேதி குறித்த தங்குமிடப் பதிவுகளுக்கு 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை. இணையத்தில் வாங்கியதைத் திருப்பிவிடலாம் என்று நினைத்துக் கட்டாதீர்கள்.

முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கேட்டால் விலகுங்கள். தொலைபேசியில் வாக்குக் கொடுத்தால், அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்தது இருக்கிறது, அவர்களின் பக்கமோ இப்போது மாறிவிட்டது.

பல கிராமங்களில் நகரசபையே நடத்தும் காம்பிங் இருக்கிறது. மலிவு, ஆடம்பரம் இருக்காது, ஆனால் நகரசபை அலுவலகத்துக்கு அழைத்தால் ஒரு மனிதர் பதில் சொல்வார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் பதியுங்கள். நான் பதிந்துவிட்டேன். நிறுவனம் வேறோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் எழுதலாம், கட்டணம் இல்லை. இதே வகைத் தளத்தில் இந்தக் கோடையில் பணத்தை விட்டவர்கள் உங்கள் உறுதிக் கடிதத்தையும் காம்பிங்கில் தந்த தாளையும் எறிந்துவிடாதீர்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள். என் 1,480 யூரோவை அவர்கள் திருப்பித் தரும்வரை நான் விடப்போவதில்லை. ஒரே நிறுவனத்தின் மேல் பல புகார்கள் சேர்ந்தால் அதிகாரிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.